கந்தன் காதின் சேதாரம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து கந்தன் வீடு எது என்று கேட்டால், எந்தக் கந்தன் என்று திருப்பிக் கேட்பார்கள். முருகன் பெயரை வைத்துக்கொண்டு தெருவுக்கு நாலு பேர் தறியில் உட்கார்ந்திருக்கும் இடம் அது. செவிட்டுக் கந்தன் என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. கேட்டவரை வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "கதவத் தட்டாதீங்க, வேஸ்ட்டு. நேரா உள்ள போயி எதிர்ல நின்னு கைய ஆட்டுங்க" என்று யோசனையும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தக் கந்தனுக்குக் காது நன்றாகக் கேட்கும். பக்கத்து வீட்டில் தாளிக்கும்போது வெடிப்பது கடுகா மிளகாயா என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடக்கூடிய காது. இந்த உண்மை உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

எல்லாம் ஒரு மத்தியானச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. அவன் மனைவி கமலாட்சி பரிமாறிக்கொண்டே தன் அண்ணன் தினகரன் பேச்சை எடுத்தாள். ஓரிக்கையில் தினகரன் புது வீடு கட்டியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாளே போய்ப் பந்தல் வேலை எல்லாம் கந்தன் பார்க்க வேண்டும் என்றாள். தினகரன் பெயரைக் கேட்டாலே கந்தனுக்குச் சோறு இறங்காது. கல்யாணப் பந்தியில் வைத்து, "மாப்பிள நெய்யறது புடவையா, கொசு வலையா?" என்று கேட்ட ஆள் அவன். வாய் நிறையச் சோறு இருந்ததால் கந்தன் "ஆங்?" என்றான். கமலாட்சி திரும்பச் சொன்னாள். சோறு இறங்கிவிட்டது, ஆனாலும் "ஆங்?" என்றான். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, ராப்பகலா தறிச் சத்தத்துலயே கெடந்து காது போயிடுச்சே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்படி ஒன்றும் இல்லை என்று கந்தன் சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து அவள் அனுதாபத்தோடு இன்னொரு அப்பளம் வைத்தாள். அப்பளத்தைப் பார்த்தான், வாயை மூடிக்கொண்டான். பொய் சொல்லப் பெரிய சாமர்த்தியம் வேண்டும் என்று யார் சொன்னது? சும்மா இருந்தாலே போதும். அதன்பிறகு ஓரிக்கைப் பந்தலை யாரோ கட்டினார்கள்.

அன்று முதல் வருஷக்கணக்கில் கந்தனுக்கு நல்ல காலம். மச்சான் வந்து உட்கார்ந்து தன் வீட்டு மாடிப்படியின் பெருமையைப் பேசினால், இவன் "ஆங்?" என்பான், ரெண்டு முறை கத்திப் பார்த்துவிட்டு அவனே எழுந்து போய்விடுவான். பின்பக்கக் குழாய் சொட்டுகிறது, வாஷர் மாற்றுங்க என்று கமலாட்சி சொல்வாள். இவன் காதில் விழாது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினால், குழாய்க்குக் கீழே இருக்கும் துவைக்கிற கல்லைத் தடவிப் பார்த்து, "நல்ல கல்லு! ஒங்க அப்பாரு குடுத்தது!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவான். செவிடர்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வேஷம் என்றால் ஒழுங்காகப் போட வேண்டும் என்பதில் அவன் நெசவுக்காரன்தான். ஓர் இழை விட்டுப்போகச் சம்மதிக்க மாட்டான்.

கஷ்டமும் இல்லாமல் இல்லை. டீக்கடையில் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, எதிர்வீட்டு வரதராஜன், "கந்தன் ஆளு நல்லவந்தான், ஆனா அவன் தேர்ப் படுதா மாதிரி ஒரு அரக்குக் கலர் புடவ நெய்ஞ்சான் பாரு போன வருஷம், கண்ணு அவிஞ்சுபோச்சுபா" என்று சொல்லிச் சிரிப்பான். கந்தன் அதையும் கேட்டுக்கொண்டு வரதராஜனைப் பார்த்து அன்பாகத் தலையாட்ட வேண்டும். குழாய் இருக்கிறதே, அது இன்னும் மோசம். விடிய விடிய டொக், டொக் என்று சொட்டும். காது கேட்காதவன் எழுந்து போய்க் குழாயைச் சரிசெய்ய முடியுமா? தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு படுத்திருப்பான்.

இதற்கெல்லாம் ஈடாக, வயசான காலத்தில் ஒரு பாக்கியமும் வந்தது. கமலாட்சி அவனையே பார்க்க ஆரம்பித்தாள். பெண் அகிலாவைக் கட்டிக்கொடுத்து அனுப்பியபிறகு வீட்டில் இரண்டே பேர், ஒரே தறி. கோர்வைப் புடவை நெய்கிறவர்கள் அவர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்பதால், கரை நூல் சுற்றிய நாடா என்கிற ஓடக்கட்டையை, நெய்கிறவர் "போடு" என்றதும் ஓரத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து எறிய வேண்டும். அந்த இன்னொரு ஆள் கமலாட்சி. முன்னெல்லாம் குனிந்த தலை நிமிராமல் நூலைப் பார்த்து எறிவாள். இப்போது கந்தனின் தோளைப் பார்த்துக்கொண்டே எறிகிறாள். அவன் பேச வாயெடுத்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவன் உதட்டையே பார்க்கிறாள். ஒரு நாள், "மீசையைக் கொஞ்சம் கொறைச்சிக்கினா நல்லா இருக்குமே" என்றாள். கந்தனுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அன்றைக்கே மீசையைக் கத்தரித்து, மிச்சம் இருந்ததற்குச் சாயமும் அடித்துக்கொண்டு வந்தான். ஐம்பத்தெட்டு வயசில் பெண்டாட்டிக்குத் தன்மேல் ஆசை வந்துவிட்டது என்று நம்பிய ஆம்பிளை அந்தத் தெருவிலேயே அவன் ஒருவன்தான்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஏனாத்தூர்ப் பக்கமிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுடைய தலைவர் பேராசிரியர் பூவராகவன். ஒல்லியான, உற்சாகமான மனிதர். எது குறைந்தாலும் அவருக்கு ஆனந்தம். நெசவாளர் சங்கக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, உலகத்தில் எல்லாமே குறைந்துகொண்டு வருகிறது என்று கையை விரித்து விளக்கினார். கைப்பிடியின் வலு குறைகிறது. முதுகெலும்பு அமுங்கி உயரம் குறைகிறது. கண்ணுக்குள் இருக்கிற வில்லை இறுகிக் கிட்டத்தில் இருப்பது தெரியாமல் போகிறது. காதுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற செல்கள் சத்தத்தில் செத்துவிட்டால் திரும்ப முளைப்பதில்லை. பட்டு நூல்கூட வெயிலும் வேர்வையும் பட்டு வலு இழக்கிறது. "எதுவும் ஒரே நாள்ல போறதில்ல. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா போகும். அதனாலதான் சொந்தக்காரருக்கே தெரியறதில்ல. அளந்தாத்தான் தெரியும். நாங்க அளக்க வந்திருக்கோம்" என்றார்.

பின்வரிசையிலிருந்து வரதராஜன் எழுந்தான். "அப்போ நகைக்கடையில சொல்றாமாதிரி சேதாரம் எவ்ளோன்னு பாப்பீங்க. செய்கூலி உண்டா?"

கூடம் சிரித்தது. அதோடு அந்த ஆராய்ச்சிக்கு ஊரில் சேதார ஆபீஸ் என்று பேர் விழுந்துவிட்டது. பேராசிரியர் வைத்திருந்த நீளமான இங்கிலீஷ் பேரை அப்புறம் அவரே மறந்துவிட்டதாகக் கேள்வி.

நாலைந்து நாளில் தெருவின் பேச்சே மாறிப்போனது. சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஒனக்கு இன்னா சேதாரம்பா சொன்னாங்க?" என்று விசாரித்துக்கொண்டார்கள். பிடியளக்கும் கருவியை வரதராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கி, அதே வயசு ஆட்களைவிடக் கால்வாசி குறைவு என்று முடிவு வாங்கி வந்தான். கருவி கோளாறு என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். பெண்கள் கல்யாணக் கூரைப்புடவைகளைப் பீரோவிலிருந்து எடுத்துவந்து, முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஆளுக்கு ஓர் இழை கொடுத்தார்கள். ஒரு யந்திரம் அதை ரெண்டு பக்கமும் பிடித்து அறும்வரை இழுத்தது. கமலாட்சியின் புடவை இழை, புதுப் பட்டின் வலுவில் மூன்றில் ஒரு பங்கை இழந்திருந்தது. "புடவை பரவாயில்ல. கட்டிக்கினவரு அதவிட ஜாஸ்தி எறங்கிட்டாரு" என்று அவள் சொன்னதும், வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் தங்கள் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கந்தன் சங்கக் கூடம் இருக்கும் திசைக்கே போகாமல் இருந்தான். காஞ்சிபுரத்தில் வேறு தெருக்களும் இருக்கின்றனவே. ஆனால் விதி வரதராஜன் வடிவத்தில் வேலை செய்தது. காதுச் சோதனையில் தறிக்காரர்கள் பலருக்குக் கூர்மையான சத்தங்கள் கேட்பது குறைந்திருக்கிறது என்று பேராசிரியர் சந்தோஷப்பட்டதைப் பார்த்து, "சார், இதெல்லாம் ஒரு சேதாரமா? எங்க கந்தனப் பாக்கலயே நீங்க. காதுகிட்ட வெடி வெச்சாலும் திரும்பமாட்டான்" என்று சொல்லிவிட்டான். பேராசிரியர் மறுநாளே வீடு தேடி வந்து, தறிக்கு எதிரில் நின்று கையை ஆட்டினார்.

"காது மிஷினு சும்மாவே தராங்களாம். இனிமே நீங்க எல்லாத்தையும் கேக்கலாம்!" என்று கமலாட்சி அவன் காதருகே கூவினாள். அவள் கண் பளபளத்தது. மாட்டிக்கொண்டால் இத்தனை வருஷக் கிரகப்பிரவேசம், காதுகுத்து, மாடிப்படி, குழாய் எல்லாவற்றுக்கும் மொத்தமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கந்தன் கணக்குப் போட்டான். அதைவிட, இவளைப் பார்த்து எப்படிச் சொல்வது? இரக்கப்பட்டு அப்பளம் வைத்தவளிடம், இத்தனை நாளும் ஏமாற்றினேன் என்று எந்த வாயால் சொல்வது? பிடிபடக் கூடாது, அவ்வளவுதான் என்று முடிவுசெய்து சட்டையை மாட்டினான்.

காதுச் சோதனைக்குக் கூடத்தின் மூலையில் கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டு போட்டிருந்தார்கள். அதை நடத்தியவள் ஷாரோன். முசரவாக்கத்துப் பெண், காதுப் படிப்பு படிக்கிறவள். பேச்சில் அடக்கம், கண்ணில் சிரிப்பு. கந்தன் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் அமுக்கச் சொல்லிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள்.

கீ என்று ஒரு சத்தம் கேட்டது. கந்தன் பிள்ளையாரைப் போல் உட்கார்ந்திருந்தான். ஊ என்று கேட்டது. அசையவில்லை. கொசு ரீங்காரம் மாதிரி, மூச்சு மாதிரி, நூல் அறுவது மாதிரி என்னென்னவோ கேட்டது. ஒன்றுக்கும் அமுக்கவில்லை. உலகத்திலேயே கடினமான வேலை, கேட்கிற சத்தத்துக்குச் சும்மா இருப்பதுதான் என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. நெற்றி வேர்த்து ஓடியது.

ஷாரோன் உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றினாள். கையில் இருந்த அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு, வெளியே யாரிடமோ சொல்வதுபோல் மிக மெதுவாகச் சொன்னாள். "ஐயா வேட்டியில பல்லி ஏறுது."

கந்தன் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து வேட்டியை உதறினான். உதறி முடித்தபிறகுதான் விஷயம் உறைத்தது. வேட்டியைப் பிடித்த பிடியோடு அப்படியே நின்றான்.

"பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியத் தொட்டவங்களுக்குப் பல்லி பயமே கெடையாதுன்னு சொல்லுவாங்களே ஐயா. நீங்க இப்படிக் குதிக்கிறீங்க" என்றாள் ஷாரோன்.

"மெதுவா பேசும்மா" என்று கந்தன் கெஞ்சினான். "வெளிய இருக்கறவங்களுக்குக் கேட்டுடப் போவுது."

செவிடர் ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டது அவள் படிப்பிலேயே முதல் தடவையாக இருக்க வேண்டும். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு அவன் காதில் சின்ன முனை ஒன்றைச் செருகினாள். "இதுக்கு நீங்க ஒண்ணும் அமுக்க வேணாம். நல்ல காதா இருந்தா, சத்தம் உள்ள போனதும் காதே திருப்பி ஒரு சின்ன சத்தம் குடுக்கும். மிஷினு அதப் புடிச்சிக்கும்." கந்தனின் காதுகள் இரண்டும் எசமானனைக் கேட்காமலே முந்திக்கொண்டு பதில் சொல்லித் தொலைத்தன. இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்த காதே கடைசியில் காட்டிக்கொடுத்துவிட்டது.

"எத்தினி வருஷமா ஐயா இது?"

கந்தன் அப்பளத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, "செவுடுன்னே எழுதிக்கோம்மா. ஒனக்குப் புண்ணியமா போவும்" என்றான்.

"அது முடியாது ஐயா, பொய் டேட்டா எழுத மாட்டேன். சாயந்திரம் சார் எல்லாருக்கும் ரிசல்ட் சொல்லுவாரு. அதுக்கு முன்னாடி நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்க. அடுத்தவங்க வாயால தெரிஞ்சா அவங்களுக்கு வலிக்கும்." கதவைத் திறந்தபடி, "அவங்களும் அதே தறியிலதான உக்கார்றாங்க? அவங்களையும் பாத்துடறேன்" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா? எனக்கு நல்லா கேக்குது" என்று கமலாட்சி பிடிவாதம் பிடித்தாள். வரிசையில் நின்ற பெண்கள் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார்கள். கந்தனை ஷாரோன் தன் பக்கத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கமலாட்சி, புடவையை இழுத்து மூடிக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவள்போல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் பொத்தானை அமுக்கினால் இந்தப் பக்கம் ஒரு சின்ன விளக்கு எரியும்.

ஷாரோன் ஒன்றை அமுக்கினாள், விளக்கு எரிந்தது. இன்னொன்று, எரிந்தது. எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று எரிந்தது. நல்ல காதுதான் என்று நினைத்துக் கந்தன் தன் கவலையில் மூழ்கப் போனான். ஷாரோன் கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, கையை மேஜைக்குக் கீழே கொண்டுபோனாள். தோள் அசையாமல் அமுக்கினாள். விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். எரியவில்லை. இன்னும் கூட்டினாள். கமலாட்சி அதே சிரிப்போடு இவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாரோன் எதையும் அமுக்காமல் சும்மா தோளை மட்டும் ஒருமுறை அசைத்தாள்.

விளக்கு எரிந்தது.

கந்தனுக்கு அந்தப் பார்வை தெரியும். தறியில் தினமும் பார்க்கிற பார்வை அது. அவன் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் அவள் நாடாவை எறிந்துகொண்டிருந்திருக்கிறாள். "போடு" என்று அவன் சொல்வதைக் கேட்டு இல்லை. அகிலா போன் பண்ணினால், "வீடியோவுல வாடி" என்று அவள் பிடிவாதம் பிடிப்பது பேரனைப் பார்க்கிற ஆசையில் இல்லை. மீசையைக் குறைக்கச் சொன்னதும் ஆசையில் இல்லை, உதடு தெரியாமல் மறைத்ததால்தான். சாயம் அடித்த மீசையைக் கந்தன் கையால் மறைத்துக்கொண்டான். அவமானமாக இருந்தது.

"மேல் சத்தமெல்லாம் அம்மாவுக்கு ரொம்பக் கொறைஞ்சிடுச்சு ஐயா" என்றாள் ஷாரோன். "யாரோ பேசறாங்கன்னு தெரியும், இன்னா பேசறாங்கன்னு புரியாது. சத்தமா, மொகத்தப் பாத்துப் பேசினா புடிச்சிக்குவாங்க. இது நேத்து இன்னிக்கு வந்தது இல்ல, பல வருஷம் ஆயிருக்கும். வீட்டுல யாருமே கவனிக்கலயா?"

கவனிக்க வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? அவள் கத்திப் பேசியபோதெல்லாம், தன் செவிட்டுக்காகக் கத்துகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தவன் அவன்தான். தன் குரல் தனக்கே கேட்காமல்தான் அவள் கத்தியிருக்கிறாள். எல்லார் சேதாரத்தையும் அளக்கக் கருவி வந்துவிட்டது. கூடவே உட்கார்ந்து நெய்கிறவளின் குறையைப் பார்க்க, ரெண்டு நல்ல காது வைத்திருந்தும் அவனுக்குத் தெரியவில்லை.

சாயந்திரம் முடிவு சொல்வதற்கு முன், கமலாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தான். எதிரே டீக்கடையில் வரதராஜனும் இன்னும் சிலரும் நின்றார்கள். யாருக்கும் கேட்கக் கூடாது என்று, தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "எனக்குக் காது கேக்கும் கமலா."

கமலாட்சி சிரித்தாள். "ஆமாங்க, இன்னிக்கி வெயில் ஜாஸ்திதான்" என்றாள்.

கொஞ்சம் கூட்டிச் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு, "குடிச்சிட்டே போலாம்" என்று டீக்கடைப் பக்கம் திரும்பினாள். கந்தனுக்கு வேறு வழி இல்லை. அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, முகத்துக்கு நேராக நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"எனக்குக் காது நல்லா கேக்கும்! நான் செவுடு இல்ல! ஒன்ன ஏமாத்திக்கினு இருந்தேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு வீட்டில் தறிச் சத்தம் நின்றது. வரதராஜன் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷமாகக் கந்தனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னவெல்லாம் பேசினோம் என்று அவன் மனசுக்குள் திருப்பிப் பார்ப்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. அரக்குக் கலர் இடத்தில் வந்ததும் கிளாஸை வைத்துவிட்டு மெல்ல நழுவினான்.

கமலாட்சி நிதானமாக இருந்தாள். "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"எங்க அண்ணனப் பத்திப் பேசும்போதெல்லாம் பல்லக் கடிக்கிறீங்களே. செவுடு எதக் கேட்டுப் பல்லக் கடிக்கும்? அடுத்த வருஷமே தெரிஞ்சிபோச்சி. நல்லா நாலு வார்த்த கேக்கணும்னுதான் இருந்தேன்." புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "அதுக்குள்ள எனக்கு நெசமாவே கொறைய ஆரம்பிச்சிடுச்சு."

"ஏன் சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எங்கேர்ந்து சொல்றது?" என்று கேட்டபோது அவள் குரல் முதல்முறையாக இறங்கியது. "வீட்டுக்கு ஒரு செவுடு போதாதா? அந்த எடத்தத்தான் நீங்க மொதல்லயே புடிச்சிக்கினு உக்காந்துட்டீங்களே. அப்புறம் நான் எங்க போயி உக்கார்றது?"

கந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க, மூக்கை உறிஞ்சினான்.

"வுடுங்க" என்றாள் கமலாட்சி. "ஒரு வகையில நல்லதாத்தான் போச்சி. நீங்க செவுடா நடிச்சதாலதான் அந்தக் கத்து கத்தினீங்க. கத்தினதாலதான் வீட்டுல ஒங்க கொரலு ஒண்ணாவது எனக்குக் கேட்டுக்கினு இருந்தது. நாம்பாட்டுக்கு உண்மையச் சொல்லப் போயி, நீங்க மெதுவா பேச ஆரம்பிச்சிட்டா நான் இன்னா பண்றது?"

உள்ளே பேராசிரியர் பூவராகவன் ஏமாற்றத்தோடு முடிவைப் படித்தார். அறுபதை நெருங்கும் தறிக்காரர் ஒருவருக்கு இப்படி ஒரு காது இருப்பது தன் ஆராய்ச்சிக்குப் பெரிய இடைஞ்சல் என்று வருத்தப்பட்டார். கந்தனைப் பார்த்து, "உங்ககிட்ட எதுவுமே குறையலையே!" என்று குறைபட்டுக்கொண்டார். கந்தன் தலைகுனிந்துகொண்டான்.

காது மிஷின் வந்தபோது அது கமலாட்சிக்கு வந்தது. ஷாரோன் வீட்டுக்கே வந்து, தறிப் பக்கத்தில் உட்கார வைத்து மாட்டிவிட்டாள். கமலாட்சி தன் வளையல் சத்தத்தைக் கேட்டுக் கையைப் பார்த்தாள். பட்டு உரசும் சத்தத்தைக் கேட்டு மடியில் இருந்த நூலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கினாள்.

"அது இன்னா சத்தம், டொக்கு டொக்குன்னு?"

அவளே எழுந்து சத்தத்தைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கந்தன் எதிரில் நின்றாள். "நல்ல காத வெச்சிக்கினு இத்தினி வருஷம் இத கேட்டுக்கினா தூங்கினீங்க?"

"எங்க தூங்கினேன்?" என்றான் கந்தன் பரிதாபமாக.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அவள் காதிலேயே சத்தமாக விழுந்ததில் திடுக்கிட்டு நிறுத்தினாள். ஷாரோனும் சிரித்ததும், மறுபடி விட்ட இடத்திலிருந்து சிரித்தாள்.

மறுநாள் கந்தன் கடைக்குப் போய் வாஷர் வாங்கிவந்தான். ஒன்று பெரிசாக இருந்தது, திரும்பப் போனான். அடுத்தது பொருந்தியது, ஆனால் குழாயின் மரை தேய்ந்திருந்தது. நூல் சுற்றி, இறுக்கி, மேலெல்லாம் நனைந்து, ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திவிட்டு, பெரிய சாதனை செய்தவனாக உள்ளே வந்தான். கடைக்காரன் கொடுத்த தப்பான வாஷரில் ஆரம்பித்து, மரை தேய்ந்த கதை, பட்டு நூலைச் சுற்றிய தன் புத்திசாலித்தனம் எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிக்கொண்டு போனான்.

கமலாட்சி கேட்டுக்கொண்டே இலை போட்டாள். சோறு வைத்தாள். அப்பளம் வைத்தாள். பிறகு காதிலிருந்து மிஷினை மெதுவாகக் கழற்றி, மஞ்சள் டப்பா பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, அவன் எதிரில் வந்து உட்கார்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"ஆங்?" என்றாள்.

கந்தன் அவளைப் பார்த்தான், மஞ்சள் டப்பாவைப் பார்த்தான். மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, கடைக்குப் போனதிலிருந்து மறுபடியும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான்.